முதுமையும் பயிற்சியும் – சில எண்ணங்கள்

ஓய்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. உழைத்தவர் இளைப்பாறுவதும் ஓய்வு. மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது, கை ஓய்ந்துபோயிற்று என்னும்போது நின்றுபோவதும் தளர்ந்துபோவதும் ஓய்வு. பணிக்காலம் முடிந்தவரை 'ஓய்வு பெற்றவர்' என்று அழைக்கும்போது முதற்பொருளையே நாம் மனத்திற் கொள்கிறோம். ஆனால் நம் வீடுகளில் முதியோருக்கு வாய்ப்பது பெரும்பாலும் இரண்டாவது பொருள்தான். "அப்பா, நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." "இந்த வயசுல உனக்கெதுக்கும்மா இந்தச் சிரமம்?" அன்பினால் சொல்லப்படும் இச்சொற்களால் ஒருவருடைய கையிலிருந்து வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகின்றன. வேலையோடு அவர் பேசுவதற்கான காரணங்களும், நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவையும் போய்விடுகின்றன. எஞ்சுவது ஒரு நாற்காலியும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும்.

முதியோரின் மனநலத்துக்கும் நினைவாற்றலுக்கும் உடலும் மனமும் கூடிச்செய்யும் பயிற்சிகள் உதவுமா என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளாக மருத்துவ உலகில் ஆராயப்பட்டு வருகிறது. யோகமும் தாய்ச்சியும் இசைக்கேற்ற அசைவும் இதில் அடக்கம். இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். முதுமையைப் பற்றி நம் இலக்கியம் முன்பே கூர்மையாகச் சிந்தித்திருக்கிறது என்பதாலும், இன்று இப்பொருள் குறித்து வெளிவருபவற்றில் பாதி விளம்பரமாகவும் மீதி அலட்சியமாகவும் இருப்பதாலும் இதைப் பேச விரும்புகிறோம்.

புறநானூற்றின் இரு பாடல்களை நினைவுகூரலாம். 243ஆம் பாடலில் கோலூன்றி நடக்கும், இருமலுக்கிடையே சில சொற்களே பேச இயலும் ஒரு முதியவர் தம் இளமையை எண்ணி இரங்குகிறார். நாம் கவனிக்க வேண்டியது அவர் எதை எண்ணுகிறார் என்பதை. இழந்த செல்வத்தையோ பதவியையோ அவர் எண்ணவில்லை. தோழியரோடு கைகோத்து ஆடியதையும், மரக்கிளையிலிருந்து ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் எண்ணுகிறார். அவர் இழந்தது உடலின் கூட்டு விளையாட்டு. பிசிராந்தையார் பாடிய 191ஆம் பாடலோ, ஆண்டு பல ஆகியும் நரையில்லாதிருப்பது எப்படி என்ற வினாவுக்கு விடை கூறுவது. மூலிகையோ உணவோ மூச்சுப்பயிற்சியோ அவ்விடையில் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என மனிதர்களையே அடுக்குகிறார் புலவர். ஒருவர் எப்படி மூப்படைகிறார் என்பது அவரைச் சூழ்ந்திருப்போரையும் பொறுத்தது என்ற அறிவு நம்மிடம் நெடுங்காலமாக இருந்திருக்கிறது. அசையும் உடல், சூழ நிற்கும் மனிதர் என்ற இவ்விரண்டையும் கையிலெடுத்துக்கொண்டே இன்றைய ஆய்வுகளைப் பார்ப்போம்.

1997இல் லான்செட் இதழில் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் எழுதிய மிகச்சிறு கட்டுரை ஒன்று வந்தது. முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சுத் தொடங்கியதும் 12 பேர் நடையை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்தப் 12 பேரில் 10 பேர் கீழே விழுந்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் காட்டாத உண்மையை ஒரு சாதாரண உரையாடல் காட்டிவிட்டது. நடப்பது கால்களின் வேலை மட்டுமன்று. இளமையில் கவனத்தைக் கேட்காமலே நடந்த கால்கள், முதுமையில் அடிக்கு அடி மனத்தின் உதவியைக் கேட்கின்றன. மனம் பேச்சுக்குப் போனால் கால் நின்றுவிடுகிறது, நிற்காவிட்டால் தடுமாறுகிறது. உடல் வேறு, மனம் வேறு என்ற பிரிவு வேறெங்கு செல்லுபடியானாலும் எழுபது வயதில் செல்லுபடியாவதில்லை.

இந்த இடத்தில்தான் தாய்ச்சி போன்ற பயிற்சிகள் பொருள் பெறுகின்றன. சீனத்தின் ஹெனான் மாநிலத்தில் 17ஆம் நூற்றாண்டில் சென் குடும்பத்தாரிடையே உருவானதாகப் பொதுவாகக் கருதப்படும் போர்க்கலை அது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, பொதுமக்கள் எளிதில் கற்பதற்காக 24 அசைவுகள் கொண்ட சுருக்க வடிவம் ஒன்றை வகுத்தது. முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடங்களே ஆகும். இன்றும் சீன நகரப் பூங்காக்களில் விடியற்காலையில் முதியோர் கூட்டமாக நின்று செய்வது பெரும்பாலும் இதைத்தான். 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தாய்ச்சியைச் சேர்த்தது. அடுத்த அசைவு எது என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும். உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்ற வேண்டும். மூச்சு அதனோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்வீடன் முதியவர்களிடம் இற்றுப்போயிருந்த நூலை, அதாவது கவனத்தையும் காலடியையும் பிணைக்கும் நூலை, இப்பயிற்சி மறுபடி முறுக்கிக் கட்டுகிறது எனலாம்.

1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், 70 வயதும் அதற்கு மேலும் ஆன 200 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், 15 வாரங்கள் தாய்ச்சி பயின்றோர் திரும்பத் திரும்பக் கீழே விழும் அபாயம் 47.5 விழுக்காடு குறைந்தது. விழுந்துவிடுவோமோ என்ற அச்சமும் அவர்களிடம் குறைந்தது. அச்சம் குறைந்ததை நாம் சிறிதாக எண்ணலாகாது. ஒருமுறை விழுந்த முதியவர் தெருவுக்கு வருவதை நிறுத்துகிறார். தெருவுக்கு வராதவரிடம் பேச ஆளில்லை. பேச ஆளில்லாதவர் மனம் சோர்கிறார். பல வீடுகளில் மனச்சோர்வு இந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது.

மனச்சோர்வு குறித்தே நேரடியாக ஆராய்ந்தவர்களும் உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஹெலன் லவ்ரெட்ஸ்கி குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. மனச்சோர்வு நோயுற்ற முதியோர் 112 பேருக்கு முதலில் மருந்து கொடுத்தார்கள். மருந்தால் ஓரளவே தேறிய 73 பேரை இரு பிரிவாக்கி, மருந்தை நிறுத்தாமலே, ஒரு பிரிவினருக்குப் பத்து வாரங்கள் எளிய தாய்ச்சியும் மறுபிரிவினருக்கு நலவாழ்வு குறித்த வகுப்பும் நடத்தினார்கள். இரு பிரிவினரும் தேறினார்கள். தாய்ச்சி பயின்றோர் கூடுதலாகத் தேறினார்கள். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. வகுப்புக்கு வந்து பிறரோடு அமர்ந்ததே ஓரளவு உதவியிருக்க வேண்டும். அதற்கும் மேலாக அசைவு உதவியிருக்கிறது. பிசிராந்தையார் சொன்ன மனிதர்களும் வேண்டும். 243ஆம் பாட்டின் முதியவர் இழந்த ஆட்டமும் வேண்டும்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் நடந்துள்ளன. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள், முதியோர் இல்லங்களில் வாழும் 120 பேரைத் தேர்ந்து ஒரு பிரிவினருக்கு யோகம் கற்பித்தார்கள். ஆறு மாத முடிவில் யோகப் பிரிவினர் நினைவு, கவனம் ஆகியவற்றுக்கான சோதனைகள் பலவற்றில் முன்னேறியிருந்ததாக 2013இல் எழுதினார்கள். ஆனால் இறுதிச் சோதனைவரை நிலைத்தவர்கள் 87 பேர்தான் என்பதையும், மறுபிரிவினருக்கு அக்காலத்தில் வேறு எதுவும் கற்பிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யோகம் உதவியதா, யாரோ வந்து அக்கறையோடு கற்பித்தது உதவியதா என்பதை அத்தகைய அமைப்பில் பிரித்தறிவது கடினம்.

இதற்கு நேரெதிரான சான்றுகளையும் மறைக்காமல் வைப்பது நம் கடமை. உட்கார்ந்தே பழகிய, 70 முதல் 89 வயதுவரையான 1,635 அமெரிக்கர்களை இரண்டாண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2015இல் வந்தது. நடையும் உடற்பயிற்சியும் மேற்கொண்டோரின் அறிதிறன், நலவாழ்வு வகுப்பு மட்டும் கேட்டோரின் அறிதிறனைவிட மேம்படவில்லை. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், மறதி கூடிவருவதாகக் கவலைப்பட்ட 585 முதியோர் பங்கேற்றனர். சிலருக்கு மனவொருமைத் தியானம், சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வகுப்பு மட்டும். நினைவாற்றலில் இந்நான்கு பிரிவினருக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. இதற்கு மாறாக, லேசான மறதியோ மறதி குறித்த கவலையோ உடைய 318 முதியோரை வைத்து அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், தாய்ச்சி செய்துகொண்டே சொற்களை எழுத்துக்கூட்டியும் தலைகீழாகவும் சொல்லப் பழகியோர், வெறும் தாய்ச்சி செய்தோரைவிடவும், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தோரைவிடவும் அறிதிறன் சோதனையில் மேம்பட்டிருந்தனர்.

இவற்றையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தோன்றுவது இதுதான். கீழே விழாமல் காப்பதற்கும் மனச்சோர்வைக் குறைப்பதற்கும் இப்பயிற்சிகள் உதவும் என்பதற்குச் சான்று ஓரளவு உறுதியாக இருக்கிறது. நினைவாற்றலைக் காக்கும் என்பதற்கான சான்று கலவையானது. ஆகவே, "யோகம் செய்யுங்கள், மறதிநோய் வராது" என்று எவரும் எவருக்கும் வாக்குறுதி தரலாகாது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனும் மறதிநோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களுள் ஒழுக்கமாக வாழ்ந்தவரும் அன்றாடம் ஆசனம் செய்தவரும் இருக்கத்தான் செய்வர். பயிற்சி நோயைத் தடுத்துவிடும் என்று அடித்துச் சொல்பவர், நோய் வந்தவரிடம் அது அவருடைய குற்றம் என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். இக்கொடுமையை நலவாழ்வுச் சொற்பொழிவாளர்கள் உணர்வதில்லை.

அப்படியானால் எதற்காகப் பயில வேண்டும்? எதிர்காலத்துக்கான காப்புறுதியாக இதைப் பார்க்கும் பார்வையே கோணலானது என்பது நம் கருத்து. ஐந்து வயதுக் குழந்தை ஆடுவதைப் பார்த்து அது எந்த நோயைத் தடுக்கிறது என்று நாம் கேட்பதில்லை. எழுபது வயதினர் ஆடினால் மட்டும் பயன் கேட்கிறோம். காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடமும், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நான்கு பேரும், நேற்றுத் தெரியாத ஓர் அசைவு இன்று கைகூடியது என்ற மகிழ்வும் ஒரு முதியவருக்கு வாய்க்குமாயின், அந்த நாள் நல்ல நாள். பத்தாண்டு கழித்து நினைவு நிற்குமா என்பது வேறு கேள்வி. முதுமையின் நாள்களும் முழுமையான நாள்களே. அவற்றை நாளைய நோயின் கணக்கில் வரவு வைக்கத் தேவையில்லை.

கற்றல் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் எமில் ஜாக் டால்க்ரோஸ் என்ற இசையாசிரியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசை கற்கும் மாணவர்களுக்காக ஒரு முறை வகுத்தார். பியானோவின் தாளம் மாற மாற நடையும் கையசைவும் மாற வேண்டும். அதே முறையை ஜெனீவாவில் 65 வயது கடந்த 134 பேரிடம் வாரம் ஒருமுறை ஆறு மாதங்கள் நடத்திப் பார்த்தார்கள். வேறொரு வேலையில் மனத்தைச் செலுத்திக்கொண்டே நடக்கும் திறன் கூடியது. கீழே விழுவதும் குறைந்தது என்று 2011இல் எழுதினார்கள். தாளம் எப்போது மாறும் என்று தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பழகிய ஒன்றை இயந்திரம் போலத் திரும்பச் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கும்போது நம் கும்மி நினைவுக்கு வராமல் போகாது. வட்டமாகச் சுற்றிவர வேண்டும். குனிந்து நிமிர வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு ஒத்துக் கைதட்ட வேண்டும். பாட்டின் அடுத்த அடி நாவில் இருக்க வேண்டும். கால், கை, காது, நாக்கு, நினைவு ஆகிய ஐந்தும் ஒரே தாளத்தில் பிணைக்கப்பட்ட ஆட்டம் அது. கும்மிக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கித்தரும் ஆசை நமக்கு இல்லை. ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் சிறுமியர் கும்மியடிக்க, அப்பாட்டு முழுவதும் அறிந்த பாட்டி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் காட்சியில் ஏதோ ஒன்று தலைகீழாக இருக்கிறது. கணவனை இழந்த பெண்ணை ஆட்டத்திலிருந்தும் மங்கலத்திலிருந்தும் விலக்கிவைத்த வழக்கத்தின் நிழலும் அந்த நாற்காலியில் விழுந்திருக்கிறது. ஆண்களுக்காவது தேநீர்க்கடை, கோயில் மண்டபம், நூலக வாசல் என்று கூடுமிடங்கள் உண்டு. முதிய பெண்ணுக்கு அடுப்படியை விட்டால் வாசற்படிதான்.

யோகத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் எண்வகை யோகம் பேசும் தமிழில், யோகம் நமக்கு இறக்குமதிச் சரக்கன்று. ஐக்கிய நாடுகள் அவையின் 2014ஆம் ஆண்டுத் தீர்மானத்துக்குப் பின் 2015 முதல் ஜூன் 21ஆம் நாள் உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. அன்று ஆயிரம் பேர் ஒரே சீருடையில் ஒரே ஆசனத்தில் நிற்கும் படங்கள் நாளிதழ்களில் வரும். முதியோர்க்கு வேண்டிய யோகம் அந்தப் படத்தில் இல்லை. சென்னையில் வாழ்ந்து நூறு வயதில், 1989இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை ஆளுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். வயது, நோய், தொழில் அறிந்து ஒவ்வொருவருக்கும் தனியாக வகுத்துக் கொடுத்தார். முதுமையில் இது வெறும் மரபுப் பெருமை அன்று, பாதுகாப்பு. கண்ணழுத்த நோய் உள்ளவருக்குத் தலைகீழ் ஆசனங்கள் தீங்கு செய்யும். எலும்பு மெலிந்தவர் முதுகை வளைத்து முன்குனிந்தால் முதுகெலும்பு முறியக்கூடும். உயர் இரத்த அழுத்தம் உடையவர் மூச்சை நெடுநேரம் அடக்கலாகாது. நாற்காலியில் அமர்ந்து கையை உயர்த்தி மூச்சோடு இறக்குவதும் யோகமே. தொலைக்காட்சியைப் பார்த்து எவரும் தாமாகத் தொடங்காமல், மருத்துவரையும் நல்லாசிரியரையும் கேட்டுத் தொடங்குவதே முறை.

எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. மனச்சோர்வு முதுமையின் இயல்பு அன்று. அது ஒரு நோய், மருத்துவம் உடைய நோய். உண்ண மனமில்லை, உறக்கம் இல்லை, யாரோடும் பேச விருப்பமில்லை, இருந்தென்ன என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால், "வயசானா அப்படித்தான்" என்று நாம் கடந்துபோகிறோம். முதியவரிடம் மனச்சோர்வு மறதியின் வேடத்திலும் வரும். வைட்டமின் பி12 குறைவும் தைராய்டுச் சுரப்புக் குறைவும்கூட மறதியாகத் தோன்றும். இவையெல்லாம் சோதித்தறிந்து சீர்செய்யத்தக்கவை. லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றத்தக்க 14 காரணங்களுள் உடலசைவின்மையோடு மனச்சோர்வும், தனிமையும், காது கேளாமையும், கண்பார்வைக் குறைவும் இடம்பெற்றுள்ளன. காது கேளாதவருக்குக் கருவி வாங்கித் தராமல் தியான வகுப்புக்கு அனுப்புவது பயனற்ற செயல். பயிற்சி மருந்துக்குத் துணையாகும், மருந்துக்கு மாற்றாகாது. லவ்ரெட்ஸ்கியின் ஆய்விலும் மருந்து நிறுத்தப்படவில்லை என்பதை மறுபடி சுட்டிக்காட்டுகிறோம்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் 60 வயது கடந்தவர்கள். மக்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனித்து வாழும் முதியோர் இல்லாத தெரு இன்று அரிது. அவர்களுக்காக என்ன செய்யலாம்? பெரும் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துத் திடல் காலை ஏழு மணிவரை காலியாகத்தான் கிடக்கிறது. கிளை நூலகத்தின் முற்றம் இருக்கிறது. கோயில் வெளிப்பிரகாரமும் ஊர்ச்சாவடியும் இருக்கின்றன. பிடித்துக்கொள்ள உறுதியான நாற்காலிகள் சில, வழுக்காத தரை, அருகில் ஒரு கழிப்பறை, குடிநீர், பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் – இவ்வளவே தேவை. கழிப்பறை இல்லாத இடத்துக்கு முதிய பெண்கள் வரமாட்டார்கள் என்பதைத் திட்டமிடுவோர் எப்போதும் மறக்கிறார்கள்.

இலக்கிய வாசகராகிய நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஓரிகன் முதியோர் தாய்ச்சியோடு சொல் விளையாட்டைச் சேர்த்தார்கள் அல்லவா? அந்தாதி கண்ட மொழி நம்முடையது. முன்னவர் சொன்ன சொல்லின் இறுதி எழுத்தில் அடுத்தவர் ஒரு சொல் தொடங்க, அடியெடுத்து வைத்துக்கொண்டே வட்டத்தில் சுற்றிவரும் விளையாட்டை எந்தத் தெருவிலும் நடத்தலாம். மனப்பாடமாய்ப் பாட்டுப் படித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்கள் நினைவிலுள்ள தாலாட்டும் நடவுப்பாட்டும் விடுகதையும் எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கின்றன. வட்டத்தில் அவர்கள் பாட, இளையவர் எழுதிக்கொள்ளட்டும். கற்பவராக மட்டும் வந்த முதியவர், அவ்விடத்தில் கற்பிப்பவராகவும் ஆவார்.

முதியோருக்கு நாம் அன்போடு அளித்துவரும் ஓய்வை ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். அயர்ந்தவருக்கு ஓய்வு உரிமை. அதை எவரும் பறிக்கலாகாது. ஆனால் அயராதவரை அமர்த்தி வைப்பது உதவி ஆகாது. உங்கள் வீட்டு முதியவரிடம் நாளைக் காலை, "உட்காருங்கள்" என்பதற்குப் பதிலாக, "வாருங்கள், சேர்ந்து போய்வரலாம்" என்று சொல்லிப் பாருங்கள். வழியில் பேச்சுக் கொடுங்கள். பேசும்போது அவர் நின்றுவிட்டால், நீங்களும் நில்லுங்கள். பேசி முடித்தபின் சேர்ந்து நடக்கலாம்.